ஓவியத்தில் ஊர்

நுழையும்முன்

நிலக்காட்சி ஓவியம் நிலத்தைக் காட்டுகிறது. அதனை எவ்வாறு காண வேண்டும் என்றும் கற்பிக்கிறது.

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் தமிழகத்தில் பயணம் செய்து மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களை வரைந்தனர். அவர்களது தொகுப்பில் 144 இந்தியக் காட்சிகள் 1795 முதல் 1808 வரை இலண்டனில் அச்சோவியங்களாக வெளிவந்தன. அவற்றுள் பலவற்றில் மலையும் கோயிலும் ஓங்கி நிற்க, மனிதர் சிற்றுருவாய்த் தோன்றுகின்றனர். அழகிய பார்வைதான், ஆயினும் அது வழிப்போக்கரின் பார்வை.

தமிழ் மரபு நிலத்தை வாழ்வோடு சேர்த்தே கண்டது. தொல்காப்பியர் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளோடு கருப்பொருளையும் உரிப்பொருளையும் இணைத்தார். வயலும் உழவரும் எருமையும் ஊடலும் கூடியதே மருதம்.

ராஜகுளம் என்னும் பெயரே நீர்நிலையைச் சுட்டுகிறது. உத்திரமேரூரில், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் ஏரியைப் பேணியதை முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உணர்த்துகின்றன. வழிப்போக்கருக்கு ஏரி காட்சி. கரை காத்தவர்க்கு அது கடமை. ஏரியை வெறுங்காட்சியாகக் காணும் தலைமுறை, அது தூர்ந்துபோவதையும் காட்சியாகவே காணும். பேணுவோர்க்கே ஊர் உரியதாகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலையை வரைக. அதனால் வாழ்வோரையும் அதில் இடம்பெறச் செய்க.