வேதம் ஓதும் இடத்தின் கண்ணியம்

யூத மார்க்கத்தில் தவ்ராத் வேதத்தைப் படிப்பது பெரும் வணக்கமாகும். ஆயினும் நினைத்த இடத்திலெல்லாம் அதனை ஓதிவிட முடியாது. பாளையம் பரிசுத்தமாயிருக்க வேண்டும், வெட்கத்திற்குரியது எதுவும் அங்கே காணப்படலாகாது என்பது உபாகமம் 23-ம் அதிகாரத்தின் கட்டளை.

அக்கட்டளையில் வரும் ‘தாவார்’ என்ற எபிரேயச் சொல்லுக்குப் ‘பொருள்’ என்றும் ‘பேச்சு’ என்றும் இரு கருத்துண்டு. இதைக் கொண்டு தல்மூத் அறிஞர்கள் ஒரு சட்டம் எடுத்தார்கள். மறைக்க வேண்டிய உறுப்பு கண்ணெதிரே தெரியும்போது வேதத்தை வாயால் மொழிவது கூடாது. மனத்தால் சிந்திப்பது கூடும். அசுத்தமான இடத்திலோ, சிந்திப்பதும் கூடாது.

அவ்விடத்தை விட்டு நீங்க முடியாதவன் என்ன செய்வான்? 1565-ல் வெனிஸ் நகரில் அச்சான ‘ஷுல்கான் ஆருக்’ என்னும் சட்ட நூலில் யோசேப் காரோ இதற்கு விடை தருகிறார். முகத்தைத் திருப்பிக் கொண்டாலும், கண்களை மூடிக் கொண்டாலும் ஓதலாம். ஏனெனில் இத்தடை பார்வையைப் பொறுத்தது என்கிறார். பின்வந்த அறிஞர் பலரோ, கண்ணை மூடினால் மட்டும் போதாது, முகத்தையும் திருப்பவே வேண்டும் என்றனர்.

ஆக, படிக்கிறோம் என்று சொல்லிக் கண்ணியத்தை மறக்கவும் இச்சட்டம் விடவில்லை. சூழல் கெட்டதென்று சொல்லிப் படிப்பைக் கைவிடவும் விடவில்லை. நாவு அடங்க வேண்டிய இடத்திலும் உள்ளம் ஓதிக் கொண்டிருக்கலாம்.