டிராக்டருக்கு ஒரு கொட்டகை: காசை முதலில் மண்ணில் போடுங்கள்

வாடகை உழவை நம்பி டிராக்டர் எடுப்பவர்கள் போடும் கணக்கில் வங்கித் தவணை, டீசல், டிரைவர் சம்பளம், ரோட்டவேட்டர் பிளேடு எல்லாம் வந்துவிடும். வண்டி எங்கே நிற்கும் என்பது மட்டும் வராது. "வேப்பமரத்தடி இருக்கே" என்பார்கள். சித்திரை வெயிலுக்கு மரத்தடி சரி, ஐப்பசி அடைமழைக்கு அது எதற்கு ஆகும்? வெட்டவெளியில் கிடந்தால் டயரின் பக்கச்சுவர் வெடிக்கும், சீட்டு கிழியும், ஒயர் உறை மொறமொறவென்று ஆகிவிடும். ஒவ்வொன்றும் சின்னச் செலவுதான். ஆனால் சீசன் உச்சத்தில், நாலு பேர் உழவுக்குக் காத்திருக்கும் நாளில்தான் வந்து நிற்கும்.

கொட்டகை என்றதும் வெல்டரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். எதற்கு நிழல் வேண்டும் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். முதலிடம் டிராக்டருக்கு என்று நான் சொல்ல மாட்டேன். நாள்தோறும் ஓடும் வண்டி தன் சூட்டிலேயே ஈரத்தைக் காயவைத்துக்கொள்ளும். வைக்கோல் கட்டும் இயந்திரம் அப்படியல்ல. அறுவடை முடிந்த சில வாரம் ஓடிவிட்டு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அதன் முடிச்சுப் போடும் பகுதி, செயின், பேரிங் எல்லாம் துருவுக்கு நல்ல தீனி. நாற்று நடும் இயந்திரமும் இதே ரகம். கூரையில் முதல் இடம் இவற்றுக்கு, அடுத்தது டிராக்டருக்கு.

ஒன்பது கொழுக் கலப்பை, சட்டிக் கலப்பை, கேஜ்வீல், டிரெய்லர் ஆகியவற்றுக்குக் கூரையே தேவையில்லை. சேற்றைக் கழுவி, மண்ணில் உரசும் இடங்களில் கிரீஸ் தடவி, செங்கல்லோ பலகையோ வைத்துத் தரையை விட்டுத் தூக்கி வையுங்கள். டிரெய்லரின் மூக்கை ஜாக்கியில் உயர்த்தி, பின்கதவைத் திறந்துவிட்டால் தண்ணீர் தேங்காது. இப்படிப் பிரித்தாலே நீங்கள் மனத்தில் போட்டிருந்த கொட்டகை பாதியாகச் சுருங்கும். இதைவிடப் பெரிய சிக்கனம் இந்த வேலையில் வேறு இல்லை.

45 குதிரைத்திறன் வண்டி சுமார் பதினொன்றரை அடி நீளம், ஆறடி அகலம். பின்னால் ரோட்டவேட்டர் மாட்டினால் இன்னும் மூன்று, நாலு அடி. ஆள் சுற்றி வந்து கிரீஸ் அடிக்க இடம் விட்டால் ஒரு வண்டிக்கு 12 அடிக்கு 20 அடி போதும். முன்பக்கம் 10 அடி உயரம், பின்பக்கம் 8 அடி; தண்ணீர் பின்னால் ஓடிவிடும். வண்டிக்கு மேல்கூடு போட்டிருந்தால் அதன் உயரத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் பேசுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

காசு போடும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "ஷீட் என்ன கம்பெனி, என்ன கலர்" என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. திறந்த கொட்டகைக்குப் பெரிய கேள்வி, கூரையைத் தாங்குவது எப்படி என்பதல்ல, பறக்காமல் பிடித்து வைப்பது எப்படி என்பதுதான். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875, மூன்றாம் பாகம். அதில் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், கோவைக்கும் மதுரைக்கும் 39. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, மறுபடி 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். 50 மீட்டர் காற்றுக்கு அது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது 150 கிலோ எடைக்குச் சமம். சுற்றிலும் ஓரடி நீட்டிய நம் கூரை ஏறத்தாழ 28 சதுர மீட்டர். ஆக, நாலு டன்னுக்கு மேல் இழுப்பு! ஷீட்டின் எடையோ 130 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து மேலே தள்ளும் என்பதால், இதைக் குறைந்தபட்சக் கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

எனவே ஒவ்வொரு காலுக்கும் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டரை அடி ஆழம் குழி எடுத்து கான்கிரீட் போடுங்கள். அப்படி ஒன்று 680 கிலோ வரும். ஆறு கால் போட்டால் நாலு டன். கடலோர மாவட்டங்களில் எட்டுக் கால் போடுங்கள், ஒருமுறை பொறியாளரிடமும் காட்டிவிடுங்கள். குழாயை மண்ணில் நேராக நட்டு, சுற்றிலும் ரெண்டு சட்டி கலவை ஊற்றி "நல்லா நிக்கும்ணே" என்று சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஷீட்டை இறுக்கும்போது கூட நின்று பாருங்கள். நடுவில் எப்படியோ போகட்டும், ஓரங்களில் ஸ்க்ரூ இரண்டு மடங்கு விழவேண்டும். காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தைத்தான். ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே கறுப்பு ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கி நிற்கவேண்டும். நசுங்கிப் போயிருந்தால் அதிகம் இறுக்கிவிட்டார்கள், ஒரு கோடையிலேயே வாஷர் வெடித்து ஒழுகும். விரலால் சுழற்றினால் சுழல்கிறதென்றால் இறுக்கமே போதவில்லை.

எதைக் கொண்டு கட்டுவது? கையில் காசு மிகக் குறைவு என்றால் சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும். உள்ளே குளுமையாக இருக்கும். ஆனால் ஒன்றிரண்டு வருடத்துக்கொரு முறை கீற்று மாற்றவேண்டும், கம்பின் அடியைக் கரையான் அரிக்கும் (தார் பூசி நட்டால் கொஞ்சம் தாங்கும்). சைலன்சர் பொறிக்கும் காய்ந்த கீற்றுக்கும் ஆகாது என்பது தனிக் கவலை. டிராக்டருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், கருவிகளுக்குப் பரவாயில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களிலும் கல்தூண் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். பந்தல் பிரித்த தோட்டங்களில் பழைய தூண் கிடைத்தால் விடாதீர்கள். துருவும் இல்லை, கரையானும் இல்லை. தூணில் துளை போட்டு மேலே இரும்புச் சட்டத்தைப் போல்ட்டால் பிடித்துவிடலாம்.

பெரும்பாலோருக்கு ஏற்றது ஜிஐ குழாயும் தகர ஷீட்டும்தான். பழைய இரும்புக் கடையில் பிரித்த கொட்டகைச் சட்டம் வாங்கினால் நல்ல மிச்சம். ஆனால் குழாயின் அடியில், முன்பு தரைமட்டம் இருந்த இடத்தில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மற்ற இடத்தில் கணீரென்றும் அங்கே மட்டும் மொத்தென்றும் கேட்டால், அந்த ஒரு அடியை வெட்டித் தள்ளிவிட்டு மீதிக்கு விலை பேசுங்கள். குத்தகை நிலம், கோயில் நிலம் என்றால் வெல்டிங் வேண்டாம், எல்லா இணைப்பும் போல்ட்டில் இருக்கட்டும். நாளைக்குக் கழற்றி எடுத்துப் போகலாம்.

சிமென்ட் ஷீட் இன்னும் கடைகளில் கிடைக்கிறது, விலையும் இறக்கம்தான். அதில் கலந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸின் தூசி புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். வெட்டும்போதும் உடையும்போதும் அந்தத் தூசி உங்கள் மூச்சுக்குள்தான் போகும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தூத்துக்குடி, சென்னைத் துறைமுகப் பக்கம் பழைய கன்டெய்னர் வாங்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். 20 அடிப் பெட்டியின் வாசல் உயரம் 2.28 மீட்டர்தான். நிமிர்ந்த சைலன்சர் உள்ள வண்டி பலதும் உள்ளே போகாது, போனாலும் பக்கவாட்டில் இறங்க இடமிருக்காது. பாட்டரி, ஸ்பேர், விலை கூடிய சிறு இயந்திரங்களைப் பூட்டி வைக்க அது அருமையான பெட்டி. இரண்டு பெட்டியைப் பதினைந்து அடி இடைவெளியில் போட்டு நடுவில் கூரை மாட்டினால் பூட்டும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும்.

தார்ப்பாயை வண்டி மேல் இறுக்கிப் போர்த்தும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கீழிருந்து ஏறும் ஈரம் பாயின் உள்பக்கம் வியர்த்து வண்டி மேலேயே சொட்டும். போர்த்தியே ஆகவேண்டும் என்றால் கம்பு கொடுத்து மேலே தூக்கி, பக்கங்களில் காற்று போக விடுங்கள்.

புதிதாகக் கட்டவே வேண்டாம் என்ற வழியும் உண்டு. மூடிக்கிடக்கும் அரிசி ஆலைகளை மாத வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். கோழிப்பண்ணைக் கொட்டகை என்றால் யோசியுங்கள்: கூரை தாழ்வு, கால்கள் நெருக்கம், ஊறிய எச்சத்தின் நெடி இரும்பை அரிக்கும்.

வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பது ஊரைப் பொறுத்தது. டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை சாரலடிக்கும் வடக்கையும் கிழக்கையும் அடைத்து, தெற்கே திறந்துவிடுங்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று மேற்கிலிருந்து அள்ளும் என்பதால் அங்கே கிழக்கு வாசல். தரையைச் சுற்றுப்புறத்தை விட ஓரடி உயர்த்தி, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும். கரிசல் மண்ணில் கான்கிரீட் தளம் போட்டால் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பிளந்துவிடும். அங்கே கிராவலே மேல்.

உள்ளே இடம் மிஞ்சுகிறதே என்று யூரியா மூட்டையை அடுக்காதீர்கள், ஈரத்தை இழுத்துப் பக்கத்து இரும்பை அரித்துவிடும். வைக்கோல் போரும் தள்ளியே இருக்கட்டும். தீ ஒரு காரணம், எலி இன்னொரு காரணம். வைக்கோலில் குடியேறும் எலி, ராத்திரி வண்டியின் ஒயரைத் தேடி வரும். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கருவியைத் தரையில் இறக்கி, டேங்கில் டீசலை நிரப்பி வையுங்கள். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே வியர்த்த நீர் டீசலில் சேரும்.

மானியம், கடன் பற்றி உங்கள் கோட்டத்து வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், வருடத்துக்கு வருடம் மாறும். காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள்: மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், புயலில் கொட்டகை சரிந்து வண்டி நசுங்கினால் ஒரு ரூபாயும் வராது. விரிவான காப்பீடு என்றால் வண்டிக்கு வரும், கொட்டகைக்கு வராது. கொட்டகை எழும்பிய கையோடு நாலு பக்கமும் படம் எடுத்து, இரும்பு வாங்கிய பில்லுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புயல் நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது காட்ட உதவும்.