நெடுநாட் கிடந்த வண்டியை மீட்டல்

மோட்டார் வண்டி ஓடுவதற்கென ஆக்கப்பட்ட பொருள். ஓடித் தேய்வதிலும் பார்க்க ஓடாது கிடந்து கெடுவதே அதற்கு அதிகம். இதனை யாழ்ப்பாணத்தவர் நன்கு அறிவர். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் பெற்றோல் கிடையாதொழிய, நம் ஊர்களில் எத்தனையோ வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அதற்கும் வழியற்றவை கொட்டிலுட் புகுந்தன. உரிமையாளர் மறைந்த பின்னரும் அவற்றுட் பல அங்கேயே கிடந்தன. இன்று, பெரும்பாலும் கடல் கடந்து வாழும் பிள்ளைகள், விடுமுறையில் வந்து கொட்டிலைத் திறந்து, “அப்பாவின் காரை மறுபடி ஓட்டலாமா?” என வினவுகின்றனர். ஓட்டலாம். எதனை முதலிற் செய்வது என்பதிலேயே பலர் வழி தவறுகின்றனர்.

இங்கு எடுத்துக்கொள்வது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் ஆக்கமாக 1948 இல் வெளிவந்து, 1971 வரை பத்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட சிறு வண்டி இது. முதலில் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டப்பட்டது. 1952 இல் 803, 1956 இல் 948, 1962 இல் 1098 என அது மாறிற்று. முன் கண்ணாடி நடுவே பிரிந்திருப்பின் வண்டி பழைய வகையைச் சேர்ந்தது. ஒரே கண்ணாடியாயின் 1956 இலோ அதன் பின்னரோ வந்தது. ஆயினும் நம் நாட்டில் எஞ்சின் மாற்றிப் பூட்டுதல் வழமையாதலின், இலக்கத்தைப் பாராது உதிரிப்பாகம் வாங்கற்க.

கொட்டிலைத் திறந்தவுடன் புதுப் பற்றறி ஒன்றைக் கொண்டுவந்து எஞ்சினை முழங்கச் செய்தல் பலருக்கும் உள்ள ஆசை. தந்தையார் ஓட்டிய வண்டியின் ஒலியை மறுபடி கேட்க விரும்புதல் இயல்பே. ஆனால் எஞ்சின் இயங்கினால் வண்டி நகரும், நகர்ந்தால் நிறுத்தவேண்டும். ஆதலின் முதலிற் பார்க்கவேண்டியது பிறேக்.

மைனரின் நான்கு சில்லுகளிலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக் உண்டு. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. இருபது முப்பது ஆண்டு கிடந்தால், ஈரம் உருளைகளின் உட்சுவரைக் கறள் பிடித்துக் குழியாக்கிவிடும். றப்பர்கள் ஊதிப் போகும். முதல் நாள் மிதிக்கும்போது மிதி உறுதியாக நிற்பதும் உண்டு. அதை நம்பலாகாது. சில்லு உருளைகள், றப்பர்க் குழாய்கள், சாரதியின் காலடித் தளத்தின் கீழ் மறைந்துள்ள தலைமை உருளை ஆகிய யாவற்றையும் புதியனவாக இடுதலே தக்கது. ரயர்களும் அவ்வாறே, தடம் தேயாதிருப்பினும் பக்கச் சுவர் வெடித்திருக்கும்.

அடுத்தது முன் சில்லுகளைத் தாங்கும் மூட்டுகள். மேலும் கீழும் புரி வெட்டிய இம்மூட்டுகளுக்குக் கிறீஸ் இடையறாது வேண்டும். வறண்டு தேய்ந்தால் கீழ்மூட்டு கழன்று, சில்லு வண்டியின் கீழ் மடிந்துவிடும். மைனருக்குப் பெயர்போன குறை இதுவே. சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்து, ஆட்டம் உண்டோ எனச் சோதிக்க.

உடலைப் பற்றியும் சொல்லவேண்டும். இவ்வண்டிக்கு லொறிக்குள்ளது போலத் தனி அடிச்சட்டம் இல்லை; தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவின் கீழுள்ள பெட்டிப் பகுதியும், பின் வில்லுகள் பொருந்தும் இடமும் கறளால் உண்ணப்பட்டிருப்பின், மேலே பட்டி வைத்து வர்ணம் பூசுதல் ஏமாற்று. பழந் தகட்டை வெட்டுமுன் உடலைச் சரிமட்டத்தில் தாங்கி நிறுத்தல் வேண்டும். இல்லையேல் நடு தாழ்ந்து, பின்பு கதவு சாத்த முடியாது போகும்.

இனி எஞ்சின். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரினுள்ளும் மெல்லிய ஒயில் சிறிது வார்த்துச் சில நாட்கள் விடுக. பின்பு கைபிடியாற் சுற்றிப் பார்க்க. இறுகி நின்றால் வலிந்து சுற்றற்க. மறுபடி வார்த்துப் பொறுத்திருக்க. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்குத் தனிக் கவனம் வேண்டும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாத பகுதி பிஸ்ரனைக் கடந்து இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். மேலே கரி படியும். ஒயிற் தொட்டியைக் கழற்றிக் கழுவாமல் புது ஒயில் வார்ப்பது வீண். பெற்றோல் தாங்கியில் எஞ்சியது பிசினாகியிருக்கும்; அதையும் இறக்கிக் கழுவுக.

இரண்டு செய்திகளை இளைய மெக்கானிக்மார் அறியாதிருக்கலாம். ஒன்று, மைனரில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படுவது. இன்றைய வழக்கம் இதற்கு மாறு. மற்றையது, 2002 இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே உறங்கிய எஞ்சின் ஈயமற்ற பெற்றோலைக் கண்டறியாது. அதன் வெளியேற்று வால்வுகள் அமரும் இடம் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது. ஈயத்தின் காப்பின்றி நெடுந்தூரம் விரைந்து ஓடினால் அது தேய்ந்து அமிழும். தலைப்பகுதியைக் கழற்றும்போதே கடின உருக்கு வளையம் இடுவித்தல் நன்று.

எவற்றையெல்லாம் புதுப்பிப்பது என்ற வினாவுக்கு என் கருத்து இது. உயிர்க்காப்புக்குரிய எதையும் பழையதாக விடலாகாது. கண்ணுக்குரியவற்றில் அவசரம் வேண்டா. சாரதி இருக்கையில் ஒரு பக்கம் அமிழ்ந்த பள்ளமும், கைபட்டு மங்கிய சுக்கானும், பற்றறிக்குத் தடையிருந்த காலத்தில் அவர் வயர் கொண்டு கட்டிய கட்டும் கடையில் வாங்கத்தக்கன அல்ல. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, “புத்தம் புதிதாக்கித் தருக” என்று சொல்லுவோர், திரும்பி வந்து காண்பது வேறெவரோ ஒருவரின் வண்டியை.

வர்ணம் பூசுமுன் ஒரு வேலை உண்டு. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் வண்டியிற் பொறித்தவற்றோடு ஒத்துள்ளனவா எனப் பார்த்து எழுதிக்கொள்க. தந்தையார் பெயரிலிருந்து பிள்ளைகள் பெயருக்கு மாற்றும்போது அவை கேட்கப்படும். வர்ணம் மூடிய இலக்கத்தைப் பின்பு சுரண்டித் தேடுதல் கடினம்.