முதலில் காற்று, கடைசியில் இயந்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

தொழிற்சாலையில் கட்டி லொறியில் கொண்டுவந்து இறக்கும் வீட்டுக்கு எந்த ஹீற் பம்ப் நல்லது என்று கேட்டிருக்கிறீர். உம்முடைய கடிதத்தின் முதல் பக்கம் முழுக்க மொடல் இலக்கங்கள். ஒன்ராறியோவின் அஜாக்ஸில் நிலம், இரண்டு பெட்டிகளாக வரும் 1,400 சதுர அடி வீடு, ஏழு பேர், மூன்று வேளையும் எங்கட சமையல் என்ற விபரமெல்லாம் கடைசிப் பந்தியில் கிடக்கிறது. அந்தக் கடைசிப் பந்திதான் உம்முடைய வேலை. டிப்ளோமா முடித்து இந்தத் தொழிலுக்குள் இப்போது இறங்குகிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று பகிரங்கமாகவே பதில் எழுதுகிறேன்.

நிலத்திலேயே கட்டுகிற வீட்டில் சட்டகம் வாரக்கணக்கில் திறந்து கிடக்கும். குழாய் போக வழி இல்லையென்றால் தச்சனிடம் கெஞ்சி ஒரு வழி எடுக்கலாம். பெட்டி வீட்டில் அந்த வாய்ப்பு இல்லை. வயரும் தண்ணீர்க் குழாயும் தொழிற்சாலைக்குள்ளேயே பரிசோதிக்கப்பட்டு, சிஎஸ்ஏ ஏ277 தர முத்திரையோடு, சுவர் மூடித்தான் வெளியே வரும். நகரசபைப் பரிசோதகரே அந்தச் சுவரைத் திறப்பதில்லை. நீர் திறக்கப் போனால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? ஆகவே தொழிற்சாலையிடம் முதலில் கேட்கவேண்டியது, வரைபடத்தை எந்தத் திகதியில் பூட்டுகிறீர்கள் என்பதே. அந்தத் திகதிக்கு முன் காற்றுக் குழாய் போகும் செங்குத்து வழி, வெளிச்சுவர்த் துளைகள், இயந்திரம் வைக்கும் மூலை எல்லாம் அளவோடு தாளில் இருக்கவேண்டும்.

உயரத்தையும் கவனியும். ஒன்ராறியோ வீதிகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் 4.15 மீற்றருக்கு மேல் சுமை போக முடியாது. லொறியின் தட்டு, தரை, கூரை எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அதனால் மேல்தட்டுக்குள் பெரிய குழாய் ஓட இடம் மிஞ்சாது. சில தொழிற்சாலைகள் குழாயைத் தரைக்குக் கீழே, குளிரான வெற்றிடத்தில், வளையும் குழாயால் ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு இணைத்துவிடும். ஒழுகுகிறதும் உறைகிறதும் அங்கேதான். குழாய் முழுவதும் வெப்பக்காப்புக்கு உட்பக்கமாகவே ஓடவேண்டும் என்று எழுதி வாங்கும். பெட்டிகள் சேரும் பொருத்துக்கோட்டை அடைத்ததும், அது பூசி மறைய முன்னர் ஒருதரம் காற்று எங்கே ஒழுகுகிறது என்று காட்டும் புளோவர் டோர் சோதனை செய்யும். வேலை முடிந்தபின் செய்கிற சோதனை சான்றிதழுக்கு உதவும், ஓட்டை அடைக்க உதவாது.

இனிக் காற்று. 1977இல் சஸ்கச்சுவானின் ரெஜைனாவில் ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். ஹரல்ட் ஓர் போன்ற பொறியியலாளர்கள் செய்த வேலை. தடித்த சுவர், காற்றுப் புகாத உறை, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் ஒரு பரிமாற்றி. அந்தக் கடுங்குளிர் ஊரில் அந்த வீட்டுக்கு ஃபர்னஸ் இல்லை. பார்க்க வந்தவர்களின் கண் கூரையில் இருந்த சூரியவெப்ப அமைப்பில்தான் நின்றது. பின்னாளில் கழற்றப்பட்டது அதுதான். உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது மற்ற மூன்றும். கனடாவின் ஆர்-2000 வீடுகளும் ஜேர்மனியின் பாசிவ்ஹவுஸும் அந்த வழியில் வந்தவையே.

நீர் வேலை செய்யும் வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழு பேருக்கு நொடிக்கு 40 லீற்றர் புதுக் காற்று என்று வைப்போம். வெளியே மைனஸ் 20 பாகை, உள்ளே 21. அந்தக் காற்றைச் சூடாக்க மட்டும் 2 கிலோவாற் வேண்டும். வெளியேறும் சூட்டில் நான்கில் மூன்று பங்கை மீட்கும் எச்ஆர்வி, அதாவது மேலே சொன்ன பரிமாற்றி, இருந்தால் அரைக் கிலோவாற்றோடு முடிந்துவிடும். எச்ஆர்வியின் பெட்டியில் பெரிதாக அச்சடித்த திறனைப் பார்க்கவேண்டாம். பூச்சியம் பாகைக்கும் மைனஸ் 25 பாகைக்கும் தனித்தனி இலக்கங்கள் இருக்கும், இரண்டாவதைப் பாரும்.

எச்ஆர்வியா, சூட்டோடு ஈரத்தையும் மீட்கும் ஈஆர்வியா? கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஈஆர்வி என்பார்கள். இரண்டு பேர் வாழும் வீட்டுக்கு நானும் அதையே சொல்வேன், மாரியில் உதடு வெடிக்காது. இங்கே ஏழு பேர் குளிக்கிறார்கள், சோறு வேகிறது, இடியப்பம் அவிகிறது. ஈஆர்வி அந்த ஈரத்தில் ஒரு பங்கைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே கொண்டுவரும். ஜனவரியில் யன்னலடியில் தண்ணீர் தேங்கும், பிறகு பூஞ்சணம். எச்ஆர்வி வையும்.

உண்மையான சிக்கல் அடுப்பங்கரையில் இருக்கிறது. மீன் பொரிக்கிற வீடு என்று வீட்டுக்காரர் நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கும் ஹூட் கேட்டிருக்கிறார்கள். அது ஓடினால் அந்த வீட்டுக் காற்று முழுவதும் இருபது நிமிடத்தில் வெளியே போய்விடும். மைனஸ் 20 பாகையில் அதை ஈடுசெய்ய வரும் காற்றைச் சூடாக்க ஏறத்தாழ 14 கிலோவாற் தேவை. இந்த வீட்டின் மொத்த வெப்ப இழப்பே 8 கிலோவாற்றுக்குள்தான் நிற்கும். அதோடு இறுக்கமான வீட்டில் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? எரிவாயுத் தண்ணீர்ச் சூடாக்கியின் புகைக்குழாய் வழியாக, காபன் மொனொக்சைட்டையும் சேர்த்துக்கொண்டு வரும். ஆகவே இயற்கை இழுவையில் புகை போக்கும் எதையும் இந்த வீட்டுக்குள் வைக்கவேண்டாம். அடுப்பு இன்டக்ஷனாக இருக்கட்டும். ஹூட் அடுப்பைவிட அகலமாகவும் தாழ்வாகவும் சுவரோடு ஒட்டியும் இருந்தால் பாதி வேகமே போதும். ஹூட் போட்டதும் தானாகத் திறந்து, சூடாக்கிய மாற்றுக் காற்றை உள்ளே விடும் வழி ஒன்று வேண்டும். அந்தத் துளையும் தொழிற்சாலையில் வெட்டவேண்டியதே. ஹூட்டை எச்ஆர்வியோடு இணைக்கச் சொல்லி யாராவது வந்தால், ஒரு மாதம் தாளித்த எண்ணெய் அந்தப் பரிமாற்றியை என்ன செய்யும் என்று கேளும். கராஜில் அடுப்பு வைத்துப் பொரிக்கும் எங்கட சனத்தைப் பகிடி பண்ணுகிறார்கள். காற்றோட்டக் கணக்கில் பார்த்தால் அதில் புத்தி இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்துவைத்துப் பொரிக்கவேண்டும், அடுப்புக்குப் பக்கத்தில் காரும் பெற்றோலும் இருக்கக்கூடாது.

இயந்திரத்துக்கு வருவோம். 500 சதுர அடிக்கு ஒரு தொன் என்று யாரோ உமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வாய்ப்பாடு ஓட்டை வீடுகளின் காலத்தது. சிஎஸ்ஏ எஃப்280 முறையில் வெப்ப இழப்பை அறை அறையாகக் கணக்குப் போடும். மூன்று தொன் வைத்தால் ஜூலையில் வீட்டைச் சட்டென்று குளிராக்கி நின்றுவிடும், புழுக்கம் அப்படியே இருக்கும். இரண்டு தொன், வேகம் மாறி ஓடும் குளிர்நாட்டு ஹீற் பம்ப், துணைக்கு 5 கிலோவாற் மின்சுருள். ஹீற் பம்பின் பெட்டியில் உள்ள தொன் கோடையில் குளிராக்கும் திறனைச் சொல்வது, மைனஸ் 15இல் எவ்வளவு சூடு தரும் என்ற வரியைக் கேட்டு வாங்கும். வரவேற்பறைச் சுவரில் ஒரு மினி ஸ்பிளிற்றைத் தொங்கவிட்டால் போதாது. அந்த வீட்டு அப்பம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார், அந்த அறைக்குச் சூடு போகாது. குட்டிக் குழாய்களோடு மத்திய அமைப்பே சரி. வெளிப்பெட்டியைப் பனி மட்டத்துக்கு மேலே தாங்கியில் ஏற்றிவையும். உறைபனி உருகி வடியும் தண்ணீர் நடைபாதைக்கு ஓடக்கூடாது.

எச்ஆர்வியின் சுவிச்சில் தமிழில் எழுதி ஒட்டிவிடும். இல்லாவிட்டால் குளிர்காத்து வருது என்று யாரோ நிறுத்திவிடுவார்கள், பிறகு பூஞ்சணத்துக்குப் பழி உமக்கு.

விலையைக் குறைக்கச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். தொன்னைக் குறையும், வைஃபை தெர்மோஸ்ராற்றை வெட்டும், எச்ஆர்வியில் கைவைக்கவேண்டாம். மாற்றுக் காற்று வழியை வெட்டச் சொன்னால் ஹூட்டையும் அதே தாளில் சின்னதாக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே தரும் விலைமனுவில் கையெழுத்து வைக்கவேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்