லாக்டேட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம்

அன்புள்ள இளம் டாக்டருக்கு,

படவேட்டிலிருந்து நீங்கள் எழுதிய பிரசவக் கட்டுரை வந்து சேர்ந்தது. லாக்டேட் எப்படிச் சேர்கிறது என்று விளக்கும் அந்தப் பத்தியை மருத்துவக் கல்லூரியிலேயே பாடமாக வைக்கலாம். வலி வரும்போது கருப்பை இறுகுகிறது, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வலி விட்டதும் ஓட்டம் திரும்புகிறது. வலிகள் நெருக்கிக்கொண்டு வந்தால் சிசுவுக்கு மீள நேரமில்லை. ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸைச் செலவழிக்கத் தொடங்குகிறது, லாக்டேட் ஏறுகிறது. கரியமில வாயு தேங்கினால்கூட ரத்தத்தின் பி.எச். இறங்கிவிடும், அது சீக்கிரம் சரியாகிவிடக்கூடியது. லாக்டேட் ஏறினால் திசுக்களுக்கே ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். இதைத் தமிழில் இத்தனை தெளிவாக எழுதியதற்கு மட்டுமே உங்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஆனால் சிசுவின் தலையில் கீறி எடுக்கும் ரத்தத்தில் லாக்டேட் "4.8-க்கு மேல் போனால் சிசேரியன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அது தாங்கவில்லை. எந்த மீட்டரில் 4.8?

அந்த எண் லாக்டேட் புரோ என்ற ஜப்பானியக் கைக்கருவியோடு பிறந்தது. ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதிக்கப் பயன்பட்ட கருவி அது. ஸ்வீடனில் ஈவா விபெரி-இட்செல் குழு, இதயத்துடிப்பு வரைபடத்தில் சந்தேகம் எழுந்த 2992 பிரசவங்களில் அதைப் பி.எச். சோதனையோடு ஒப்பிட்டு, 2008-ல் பி.எம்.ஜே. இதழில் முடிவை வெளியிட்டது. பி.எச். பார்த்தவர்களுக்கும் லாக்டேட் பார்த்தவர்களுக்கும் குழந்தையின் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கிடைத்த லாபம் வேறு: பி.எச். சோதனை நூற்றுக்குப் பத்து முறை தோற்றது, லாக்டேட் சோதனை ஒரு முறைதான். பி.எச்.சுக்கு 30 மைக்ரோலிட்டருக்கு மேல் ரத்தம் வேண்டும், இதற்கு 5 போதும். வேறு மீட்டர்கள் அதே துளிக்கு வேறு எண் காட்டும். சிசுவின் தலையில் ஒட்டியிருக்கும் பனிநீரைச் சரியாகத் துடைக்காவிட்டாலும் எண் பொய்யாக ஏறும், ஏனென்றால் பனிநீரிலேயே லாக்டேட் அதிகம். மீட்டரின் பெயரைச் சொல்லாத எண்ணைப் படித்துவிட்டு ஒருவர் கத்தியை எடுக்கக் கூடாது, அம்மா.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. கட்டுரை முழுக்க ஒரு பெண்ணின் வயிற்றில் யாரும் காது வைக்கவில்லை.

1960-களின் தொடக்கத்தில் பெர்லினில் எரிக் சாலிங் சிசுவின் தலையில் கீறி ரத்தம் எடுத்தபோதும், அதற்கு முன் இதயத்துடிப்பில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்திருக்க வேண்டும், கர்ப்பவாய் திறந்திருக்க வேண்டும். முடிவு மோசமாக வந்தால் உடனே அறுவை செய்ய தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் தயாராக இருக்க வேண்டும். உங்கள் ஜவ்வாது மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கு, இவற்றில் எது இருக்கிறது? இருப்பது ஒரு ஸ்டாஃப் நர்ஸும், சிசுவின் துடிப்பைக் கேட்க ஒரு டாப்ளரும். அந்த நர்ஸின் காதை நம்பித்தான் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவே எடுக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னதும் அதுவே: சிக்கலற்ற பிரசவத்தில் டாப்ளரோ பின்னார்ட் குழலோ வைத்து விட்டுவிட்டுக் கேட்டால் போதும். வலி முற்றிய கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் முழு ஒரு நிமிடம், வலி விட்ட பிறகும் அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்! வலி அடங்கிய பிறகும் துடிப்பு இறங்கியே இருந்தால் அங்கேதான் ஆபத்து தெரியும்.

இதை எழுதுபவளுக்கு அந்தப் பாடத்தைச் சொன்னவர் ஒரு மூத்த நர்ஸ். பின்னார்ட் குழலில் காதை வைத்தபடி, கேட்கும் துடிப்பைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் தட்டுவார். வலி விட்ட பிறகு தட்டல் தளர்ந்தால் லேபர் ரூமில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். டாக்டர் எழுந்து வருவதற்கு அவர் சத்தம் போடத் தேவையே இருக்காது. பிறகு அதே வார்டில் துடிப்பைத் தாளில் வரையும் சி.டி.ஜி. இயந்திரம் வந்தது. ஆளுக்கொரு தாளைப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தார்கள், தாயைப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன, 44.9 சதவீதம் சிசேரியன். அந்தச் சிசேரியன் விகிதத்தைக் குறைக்க லாக்டேட் உதவுமா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பிரிட்டனின் நைஸ் அமைப்பே 2022 வழிகாட்டியில், சிசுவின் தலையில் ரத்தம் எடுப்பதை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது. இந்தச் செய்தி உங்கள் கட்டுரையில் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

தியேட்டர் இல்லாத இடத்தில் லாக்டேட் மீட்டருக்கு ஒரு வேலை உண்டு. பிறந்ததும் தொப்புள்கொடித் தமனியிலிருந்து எடுக்கும் துளியைச் சோதித்து, அந்தப் பிரசவத்தில் கேட்டதும் எழுதியதும் சரியா என்று பிறகு உட்கார்ந்து ஒப்பிடலாம். குழந்தையைக் குத்த வேண்டியதில்லை.

அடுத்த கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள். படவேட்டைச் சுற்றியுள்ள நர்ஸுகள் டாப்ளரை எத்தனை நேரம் வைக்கிறார்கள், எப்போது எடுத்துவிடுகிறார்கள், பேட்டரி தீர்ந்தால் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்து எழுதுங்கள். மீட்டரின் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.