கூடத்துச் சுவரும் குறுக்குப்பட்டையும்: வண்ணம் தேரும் முறை

முன்னுரை

மார்கழி பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், முடிச்சூர்ப் பக்கத்துத் தெருக்களில் பெயிண்டு வாசனை வீசத் தொடங்கும். பொங்கலுக்குள் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும் என்பது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். அவ்வேளையில் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி, 'கூடத்துக்கு என்ன நிறம் அடிப்பது?' என்பதாகும். கூடத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஓர் அலங்காரப் பட்டை ஓடுமானால் கேள்வி மூன்றாகிவிடுகிறது. பட்டைக்கு மேலே என்ன நிறம்? கீழே என்ன நிறம்? பட்டைக்கு என்ன நிறம்?

இதனை வெறும் இரசனைக்குரிய செய்தி எனப் பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் இதில் ஒளியியலும் வேதியியலும் கலந்துள்ளன. தாம்பரம் போன்ற மழைநீர் தேங்கும் பகுதிகளில் குடும்பத்தின் பணமும் உடல்நலமும் இதனைச் சார்ந்துள்ளன. நிறத்தை மேலிருந்து தேர்வு செய்யாமல் கீழிருந்து தேர்வு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பட்டையின் வரலாறு

இப்பட்டையை வேலைக்காரர்கள் 'பார்டர்' என்றும் 'டேடோ' என்றும் சொல்வர். (பெயிண்டர்கள் 'பட்டி பார்ப்பது' என்பது வேறு, அது சுவரின் மேடுபள்ளங்களை மாவுபோன்ற பூச்சால் நிரவுவது.) 'டேடோ' என்பது இத்தாலியச் சொல்; பகடைக்காய் என்பது அதன் பொருள். தூணைத் தாங்கும் பீடத்தின் நடுவிலுள்ள சதுரக் கட்டத்தை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். நாளடைவில் அறைச் சுவரின் கீழ்ப்பகுதி முழுவதற்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. அப்பகுதியின் மேல் விளிம்பில் பதித்த மரச்சட்டம், நாற்காலியின் முதுகு சுவரில் இடித்துக் காரையைப் பெயர்க்காமல் காத்தது. ஆகவே ஆங்கிலேயர் அதனை நாற்காலிச் சட்டம் என்றும் அழைத்தனர். ஏறக்குறைய 3 அடி என்னும் அதன் உயரமும் இக்காரணம் பற்றியே அமைந்தது.

சுவருக்கு ஒரு பீடம் வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. நம் கோயில்களின் அதிட்டானத்தை உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனப் பகுத்துப் பெயரிட்டனர் நம் சிற்பிகள். பளுவான உறுப்புகள் கீழே. மெல்லிய சுவர் மேலே. பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டடம் தரையில் உறுதியாக நிற்கிறது என்ற நம்பிக்கையை இது தருகிறது. பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் சுவரின் கீழ்ப்பகுதி அடர்நிறமாகவும் மேற்பகுதி வெளிர்நிறமாகவும் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். கை படும் இடம், கால் உதைக்கும் இடம், துடைப்பம் உரசும் இடம் கீழ்ப்பகுதியே அல்லவா?

வெளிச்சக் கணக்கு

அடர்நிறத்தைக் கீழே வைப்பதற்கு அழுக்கு மட்டுமே காரணம் அன்று. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம்.

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. 3 அடி உயரத்தில் பட்டை ஓடுகிறது. 3 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள இரண்டு வாயில்கள். பட்டைக்கு மேலே 4 அடிக்கு 4 அடி அளவில் ஒரு சன்னல். இவற்றைக் கழித்தால் கீழ்ப்பகுதி 114 சதுர அடி. மேற்பகுதி 268 சதுர அடி. வெளிர்நிறம் தன்மேல் விழும் ஒளியில் 70 விழுக்காட்டையும், நடுத்தர அடர்நிறம் 30 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம்.

அடர்நிறம் கீழேயும் வெளிர்நிறம் மேலேயும் இருந்தால், சுவர்கள் சராசரியாக 58 விழுக்காடு ஒளியைத் திருப்பித் தரும். இதனையே தலைகீழாக மாற்றினால் கிடைப்பது 42 விழுக்காடே. வாங்கும் பெயிண்டு அதே இரண்டு நிறங்கள்தாம். ஆயினும் ஒரு முறையில் கூடம் பளிச்சென்றும் மறுமுறையில் மங்கலாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் சன்னலை மறைத்து நிற்கும் நம் புறநகர் மனைகளில் இவ்வேறுபாடு சிறியதன்று. பகலிலேயே விளக்குப் போட வேண்டுமா இல்லையா என்பதை இது முடிவு செய்துவிடும்.

அடுத்த நிறத்தின் செல்வாக்கு

பாரிசு நகரின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர். அங்கே நெய்த கருப்பு நூலில் கருமை போதவில்லை என்று குறை கூறப்பட்டது. ஆராய்ந்த செவ்ரல், குறை சாயத்தில் இல்லை. அருகிலுள்ள நிறங்களே கருப்பை வெளுத்ததுபோல் காட்டுகின்றன என்று கண்டார். அருகருகே உள்ள இரு நிறங்கள் தம் வேற்றுமையை மிகைப்படுத்திக் காட்டும் என்னும் இவ்விதியை 1839-இல் நூலாக வெளியிட்டார்.

கடையில் அட்டையில் பார்த்த நிறம் சுவரில் வேறாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கரும்பச்சைக்கு மேலே அடித்த இளமஞ்சள், தனியே அடித்த இளமஞ்சளைவிட வெளுத்துத் தோன்றும். ஆகவே இரு நிறங்களையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். சுவரில் பட்டைக்கு மேலும் கீழும் 2 அடிச் சதுரம் அடித்து, காலை, மாலை, விளக்கொளி ஆகிய மூன்று வேளையும் பார்த்த பின்னரே வாளி வாங்குதல் நலம். மேற்கு வெயில் நேரே விழும் கூடத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் மாலையில் கண்ணைக் கூசும். அங்கே இளநீலமும் இளம்பச்சையும் இதம். வெயில் எட்டாத கூடத்திற்கு வெண்ணெய் நிறம் பொருந்தும்.

ஓதம் ஏறும் சுவர்

இனி நம் பகுதிக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளக்காடாயின. அப்போது நான் தொடக்கப் பள்ளி மாணவன். எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு நீர் நின்று வடிந்தது. சுவரில் ஒரு பழுப்புக் கோடு நின்றுவிட்டது. அக்கோட்டைப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே அடுத்த மாதமே, பொங்கலுக்குள், கடன் வாங்கிக் கீழ்ப்பகுதி முழுவதும் கரும்பச்சை எனாமல் அடித்தோம். சித்திரை வெயிலில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அப்பளம்போல் உதிர்ந்தது. பெயிண்டரைக் குறை கூறினோம். அவர்மீது தவறில்லை என்பது இவற்றைப் படித்த பின்னரே விளங்கிற்று.

செங்கல்லும் காரையும் நுண்துளைகள் உடையவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றில் நிலத்து நீர் ஏறும். பெரும்பாலும் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம் வரை. அலங்காரப் பட்டையின் உயரமும் ஏறக்குறைய இதுவே என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. ஏறிய நீர் சுவரின் முகத்தில் ஆவியாகும்போது, உடன் வந்த உப்பு வெண்மையாகப் பூக்கும். எனாமல் போன்ற எண்ணெய்ப் பூச்சு ஆவியின் வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய நீரும் உப்பும் பூச்சைத் தள்ளுகின்றன. மேலும் சிமெண்டுக் காரை காரத்தன்மை உடையது. ஈரத்தோடு சேர்ந்து அது எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும்.

சுண்ணாம்பின் இயல்போ வேறு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகுகிறது. ஆயினும் ஆவி வெளியேற இடம் விடுகிறது. காவி இரும்பு ஆக்சைடு ஆதலால் சுண்ணாம்பின் காரம் அதனை வெளிறச் செய்வதில்லை. கோயில் மதில்களின் வெள்ளைக்கும் காவிக்கும் இப்பொருத்தம் உண்டு. எனவே ஓதம் ஏறும் வீட்டில், ஓதத்தின் காரணம் சரிசெய்யப்படும் வரை, பட்டைக்குக் கீழே காவி கலந்த சுண்ணாம்பே தக்கது. வெள்ளம் வடிந்த சுவரை ஒரு கோடை முழுவதும் உலரவிட்டுப் பின் அடிப்பதே சிக்கனம்.

நிறத்திலுள்ள நஞ்சு

நம் குரோம்பேட்டையின் பெயரிலேயே நிறம் இருப்பதைப் பலர் அறியார். அங்கு அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. குரோமியத்தை 1797-இல் பிரெஞ்சு அறிஞர் வோக்கலின் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் பல நிறம் காட்டியதால், நிறம் எனப் பொருள்படும் 'குரோமா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. அவர் ஆராய்ந்த செந்நிறத் தாது ஈயக் குரோமேட்டு. அதே சேர்மம் பின்னர் பளிச்சிடும் மஞ்சள் பெயிண்டாக உலகெங்கும் பரவியது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2016-இல் இந்திய அரசு விதி வகுத்தது; அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயம் இருக்கக்கூடும். தவழும் குழந்தையின் கை எட்டுவது பட்டைக்குக் கீழேதான். எங்கள் வீட்டில் உதிர்ந்த பச்சைச் செதில்களைப் பொறுக்கி நானும் தங்கையும் விளையாடினோம்; அதில் ஈயம் இருந்ததா என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. பழைய எனாமலை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. நீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, செதில்களை உடனே வாரி மூடி, குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும். புது டப்பா வாங்கும்போது ஈயம் பற்றிய குறிப்பைப் படிக்க வேண்டும்.

பட்டைக்கு எந்நிறம்?

மேலும் கீழும் முடிவான பின் பட்டையின் நிறம் எளிது. பட்டை வாயில் நிலையில் போய் முடிவதால் நிலையின் நிறமே அதற்கும் இயல்பாகப் பொருந்தும். மேலும் கீழும் இரு வேறு நிறமானால் பட்டை வெண்மையாக இருப்பது இரண்டையும் பிரித்துக் காட்டும். கூடம் தாழ்ந்ததாயின் பட்டைக்கு மேற்சுவரின் நிறத்தையே கொடுத்தால் சுவர் சற்று உயர்ந்து தோன்றும். முதலில் கூரை, அடுத்து மேற்சுவர், அதன்பின் கீழ்ச்சுவர், இறுதியில் பட்டை என்பது வேலை முறை. பட்டை மரமானால் அதற்கு எனாமல் அடிக்கலாம். மேற்கண்ட கூடத்தில் 38 அடி நீளமே ஆதலால் சிறு டப்பா போதும்.

முடிவுரை

எங்கள் கூடத்தின் எனாமலைச் சுரண்டி, ஒரு கோடை உலரவிட்டு, கீழே காவிச் சுண்ணாம்பும் மேலே வெண்ணெய் நிறமும் அடித்தோம். ஆண்டுதோறும் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஒரு கோட்டு அடிக்கிறோம். அதனை அப்பாவும் நானுமே செய்துவிடுகிறோம். விருந்தினர் எவரும் அதனை அழகென்று புகழ்ந்ததில்லை. ஆனால் அது கொப்புளிப்பதில்லை. மழை முடிந்ததும் உலர்ந்துவிடுகிறது. கடனும் இல்லை.

கண்ணுக்கு இனிய நிறத்தை விரும்புவது தவறன்று. ஆயினும் சுவரின் அடியில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் கேட்போம். அதன்பின் வெளிச்சத்தைக் கேட்போம். அதற்குப் பின் நம் விருப்பத்தைச் சொல்வோம். அவ்வரிசையில் தேர்ந்த நிறமே வீட்டில் நிலைக்கும்.