நெடும்பாதையில் ஒரு சறுக்கல்: நெடுந்தொலைவுப் போட்டி கற்பிக்கும் பாடம்

இச்செய்திமடலைப் படிப்போரில் பலர் நீண்ட சிகிச்சையின் நடுவில் இருப்பவர்கள். அல்லது அவர்களுக்குத் துணை நிற்பவர்கள். பக்கவாதத்திற்குப் பின் நடை பழகுதல், வாரந்தோறும் செய்துகொள்ளும் இரத்தச் சுத்திகரிப்பு, பல சுற்றுகளாகத் தொடரும் கீமோதெரபி, மூட்டு மாற்று அறுவைக்குப் பிந்தைய பயிற்சி என எதுவாயினும் அது ஒரே நாளில் முடிவதன்று. முன்னேற்றம் நேர்கோட்டில் செல்வதுமில்லை. சென்ற வாரம் இருபது அடி நடந்தவர் இந்த வாரம் பத்தடியில் தளர்ந்து அமர்கிறார். இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்து மருத்துவர் அடுத்த சுற்று மருந்தைத் தள்ளிவைக்கிறார். அவ்வேளையில் வீட்டில் எழும் முதற்சொல் பெரும்பாலும் ஒன்றே: "இத்தனை நாள் பட்டதெல்லாம் வீணாகிவிட்டது."

அச்சொல் உண்மைதானா என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். அதற்குத் துணையாக ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். நீண்ட நேரம் நீடிப்பதும், இடையில் ஏதேனும் ஒன்று பிழைபடாமல் முடிவது அரிதாகவே இருப்பதுமான விளையாட்டு அது.

போட்டியின் அளவு

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்வதே டிரையத்லான் என்னும் முத்திறப் போட்டி. அதன் நெடுந்தொலைவு வடிவங்களுள் புகழ்பெற்றது அயர்ன்மேன். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓஆஹுவில் 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்னும் தம்பதியர் இதைத் தொடங்கினர். அன்று புறப்பட்டவர் 15 பேர். நிறைவு செய்தவர் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கே 11 மணி 46 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. 1981இல் இப்போட்டி ஹவாயின் பெரிய தீவிலுள்ள கோனாவுக்கு மாறியது.

கடலில் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்ட வேண்டும். அதன் பின் 42.2 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான், ஓட வேண்டும். கோனாவின் சாலை கருகிய எரிமலைக் குழம்புப் பாறைகளின் நடுவே செல்கிறது. வெயிலும் எதிர்க்காற்றும் அங்கே கடுமையானவை. அளிக்கப்படும் கால எல்லை 17 மணி நேரம். காலையில் நீரில் இறங்கியவர்களுள் கடைசியாக வருபவர்கள் நள்ளிரவை ஒட்டி எல்லைக்கோட்டைத் தொடுகின்றனர்.

இந்த அளவை மனத்தில் இருத்துவது இன்றியமையாதது. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒருமுறை கால் இடறினால் போட்டி முடிந்தது. பதினேழு மணி நேரப் போட்டியில் பத்து நிமிடத் தடங்கல் பத்து நிமிடத் தடங்கல் மட்டுமே. நிகழ்வு ஒன்றுதான், அளக்கும் கோல் வேறு.

முதற்பாடம்: சறுக்கல் பாதையின் ஒரு பகுதி

2008ஆம் ஆண்டு கோனாவில், முந்தைய ஆண்டின் வெற்றியாளரான பிரிட்டன் வீராங்கனை கிறிஸி வெலிங்டன் மிதிவண்டிப் பகுதியில் முன்னிலையில் சென்றுகொண்டிருந்தார். அப்போது அவருடைய வண்டிச் சக்கரம் பஞ்சரானது. காற்று நிரப்ப வைத்திருந்த குப்பிகளும் கைகொடுக்கவில்லை. சாலையோரத்தில் பல நிமிடங்கள் நின்றார். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து சென்றனர். அவ்வழியே வந்த ஆஸ்திரேலியப் போட்டியாளர் ரெபேக்கா கீட் தம்மிடமிருந்த குப்பி ஒன்றை அவருக்குக் கொடுத்துச் சென்றார். சக்கரத்தில் காற்றேற்றிய வெலிங்டன் மீண்டும் புறப்பட்டு, இறுதியில் ஏறத்தாழ 15 நிமிட முன்னிலையுடன் வென்றார்.

அவர் வென்றதைவிட, அந்தச் சில நிமிடங்களே நாம் கருத வேண்டியவை. சக்கரம் இறங்கியதனால் அதுவரை நீந்திய கடலோ, கடந்த சாலையோ இல்லாமற்போய்விடவில்லை. இழந்தது நேரம், முன்பு ஈட்டியது அப்படியே இருந்தது. மேலும், நின்றுபோன வண்டியைத் தம் மனவலிமை ஒன்றாலேயே அவர் நகர்த்திவிடவில்லை. பிறர் நீட்டிய பொருளைப் பெற்றுக்கொண்டார்.

சிகிச்சையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளணுக்கள் குறைந்ததால் கீமோதெரபி ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது என்றால், எலும்பு மஜ்ஜை மீள்வதற்கு மருத்துவர் அவகாசம் தருகிறார் என்பதே அதன் பொருள். முன்னர் ஏற்றிய மருந்து பயனற்றுப் போயிற்று என்பதன்று. பக்கவாதத்திற்குப் பின் பயிற்சி பெறுபவர் காய்ச்சலோ உறக்கக் குறைவோ வந்த வாரத்தில் தளர்ந்து நடப்பது இயல்பு. காரணத்தைக் கண்டு சரிசெய்தால், பழகிய நடை பெரும்பாலும் திரும்ப வருகிறது.

இரண்டாம் பாடம்: பாதையை விடாமல் இலக்கை மாற்றுதல்

யானைக்கும் அடி சறுக்கும் என்பர். ஜெர்மானியரான யான் ஃப்ரொடேனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டிரையத்லான் தங்கம் வென்றவர்; கோனாவில் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றவர். 2017இல் மாரத்தான் பகுதியின் தொடக்கத்திலேயே அவருடைய முதுகு பிடித்துக்கொண்டது. வெல்ல இயலாது என்பது உறுதியாயிற்று. அவர் நடந்தார், நின்றார், மீண்டும் நடந்தார். வெற்றியாளர் வந்து ஒரு மணி நேரத்திற்கும் மேலான பின், 9 மணி 15 நிமிடங்களில் எல்லைக்கோட்டை அடைந்தார்.

அன்று காலை அவர் கொண்டிருந்த இலக்கு வெற்றி; நண்பகலுக்குப் பின் அது நிறைவு செய்தலாக மாறிற்று. இலக்கு சிறிதானது; ஆயினும் இலக்கே இல்லாத நிலை வரவில்லை. நெடுந்தொலைவு வீரர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகளுடன் புறப்படுவது வழக்கம். எல்லாம் கூடிவந்தால் அடைய வேண்டியது ஒன்று. ஓரளவு கூடினால் அடைய வேண்டியது மற்றொன்று. எதுவும் கூடாத நாளில் விடாமல் பற்றிக்கொள்வது இன்னொன்று.

ஓட்டப் பகுதியில் சிறு சிறு தொலைவுக்கு ஒன்றாகத் தண்ணீர்ப் பந்தல்கள் அமைந்திருக்கும். தளர்ந்துபோனவர்கள் 42 கிலோமீட்டரை எண்ணுவதில்லை. அடுத்த பந்தலை மட்டும் எண்ணுகின்றனர். நம் வீட்டிலும் இது பயன்படும். "எப்போது பழையபடி ஆவேன்?" என்னும் கேள்விக்கு இன்று எவரிடமும் விடையில்லாமல் இருக்கலாம். "மாலைக்குள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறி அமர முடியுமா?" என்னும் கேள்விக்கு மாலைக்குள் விடை கிடைத்துவிடும்.

மூன்றாம் பாடம்: இருண்ட வேளையின் தீர்ப்பை நம்பாதிருத்தல்

உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு ஒரு முழு நாள் உழைப்புக்குப் போதாது. அது தீரும்போது கால்கள் கனக்கின்றன. அதனுடன் மனமும் சோர்கிறது. "என்னால் இயலாது, நான் வந்ததே தவறு" என்னும் எண்ணம் அப்போது பேருண்மைபோல் தோன்றுகிறது. சிறிது உணவும் சர்க்கரை கலந்த நீரும் உட்சென்ற பின், அதே மனிதர் அதே சாலையில் வேறு எண்ணத்துடன் செல்வதுண்டு. பாதை மாறவில்லை, உடலின் நிலை மாறியது.

நோயுற்றவருக்கும் இத்தகைய வேளைகள் உண்டு. வலி மிகுந்த பின்னிரவு, மருந்தேற்றிய சில நாள்களுக்குப் பின் வரும் அசதி, சுத்திகரிப்பு முடிந்த மாலை ஆகியவற்றில் மனம் கூறும் தீர்ப்பில் உடலின் களைப்பும் கலந்திருக்கிறது. அந்த எண்ணத்தைப் பொய்யென்று இகழ வேண்டியதில்லை. கேட்டுக்கொள்ளலாம், எழுதியும் வைக்கலாம். ஆனால் சிகிச்சையைத் தொடர்வதா, விடுவதா என்பது போன்ற பெரிய முடிவுகளை உறங்கி, உண்டு, வலி தணிந்த ஒரு காலைப்பொழுதில் மருத்துவருடன் அமர்ந்து எடுப்பதே நன்று. சோர்வு பல நாள்களாக விலகாமல் நின்றாலும், உயிரை வெறுக்கும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், அதுவும் சிகிச்சைக்குரிய துன்பமே. தயங்காமல் உடனே மருத்துவரிடம் கூறுக.

நான்காம் பாடம்: நிற்க வேண்டிய இடத்தில் நிற்றல்

விடாமுயற்சியைப் போற்றும் கதைகள் ஒன்றை மறைத்துவிடுகின்றன. வெலிங்டன் 2010இல் உடல்நலமின்மையால் கோனா போட்டி நாளன்று காலையிலேயே விலகிக்கொண்டார். மறு ஆண்டு திரும்பி வந்து வென்றார். ஃப்ரொடேனோ 2018இல் இடுப்புப் பகுதி எலும்பில் ஏற்பட்ட நுண்முறிவினால் பங்கேற்கவில்லை. 2019இல் 7 மணி 51 நிமிடங்களில் முதலாவதாக வந்தார். நின்ற ஆண்டும் அவர்களுடைய பயணத்தின் பகுதியே.

ஒரு சறுக்கல் வேறு, ஓர் எச்சரிக்கை வேறு. நீண்ட போட்டியில் தாகத்திற்கு மிஞ்சி வெறும் நீரையே அருந்துபவருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து, குழப்பமும் வலிப்பும் உண்டாகக்கூடும். அவரை "இன்னும் சற்று ஓடுங்கள்" என்று ஊக்குவிப்பது அன்பாகாது. மருத்துவக் கூடாரத்திற்கு அழைத்துச் செல்வதே அன்பு. அதுபோலவே, கீமோதெரபி பெறுபவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், எவருக்கேனும் திடீரெனப் பேச்சுக் குழறல், முகக் கோணல், கை கால் தளர்ச்சி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாகாது. அது இரவானாலும் விடுமுறை நாளானாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஐந்தாம் பாடம்: துணை நிற்பவரின் பாதை

ஜப்பானியரான ஹிரோமு இனாடா செய்தியாளராகப் பணியாற்றியவர். நோயுற்ற மனைவியைப் பேணுவதற்காக 60 வயதளவில் ஓய்வு பெற்றார். அந்நாள்களில் தம் உடல்நலத்திற்காக நீச்சல் பழகத் தொடங்கினார். டிரையத்லானுக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபதை ஒட்டியிருந்தது. 2015இல் கோனாவில் முழுத் தொலைவையும் கடந்தும், 17 மணி நேர எல்லையைச் சில வினாடிகளில் தவறவிட்டார். பதிவேட்டில் அது நிறைவுபெறாத போட்டி. மறு ஆண்டு மீண்டும் வந்து எல்லைக்குள் முடித்தார். 2018இல், 85 வயதில், கோனாவை உரிய நேரத்திற்குள் நிறைவு செய்தவர்களுள் மிக மூத்தவரானார்.

நோயாளியைப் பேணுவோர் அனைவரும் கடலில் நீந்த வேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. பேணுதலும் ஒரு நெடுந்தொலைவே. முதல் மாதத்திலேயே உறக்கத்தையும் உணவையும் முழுதாகத் துறந்தவர், மிதிவண்டியில் வலுவனைத்தையும் செலவிட்டுவிட்டு ஓட்டத்தில் கால் வராமல் நிற்பவரை ஒத்தவர். நாளில் அரை மணி நேரம் தமக்கென ஒதுக்குவது தன்னலமன்று. இரவுக் காவலை உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதும், கேட்டு உதவி பெறுவதும் குறையல்ல.

ஒப்புமையின் எல்லை

எந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. வீரர் தாமே விரும்பிப் புறப்பட்டவர். நோயாளி தம் பாதையைத் தேர்ந்தெடுத்தவரல்லர். வீரருக்கு எல்லைக்கோடு எங்கே என்று தெரியும்; சில நோய்களில் கோடே இல்லை, வாழ்நாள் முழுதும் தொடரும் கவனிப்பே உண்டு. போட்டியில் குடும்பத்தார் உடன் ஓடித் துணைசெய்ய விதி இடந்தராது. இங்கோ உடன் வருவதே குடும்பத்தின் பெரும்பணி.

யாவற்றினும் முதன்மையாக, குணமாகாமை தோல்வியன்று. முயன்றும் நோய் தணியாத ஒருவரை "போராடவில்லை" என்று எவரும் எண்ணலாகாது. அவரும் தம்மை அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. வலியின்றி ஓர் இரவு உறங்குவதும், பேரப்பிள்ளையுடன் ஒரு வேளை உணவருந்துவதும் இலக்குகளே. அவற்றை அடைவதற்கும் மருத்துவம் துணைசெய்கிறது.

வீட்டில் செய்வதற்கு

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்க. பின்னடைவு நேர்ந்த நாளில், சற்று அமைதி பெற்ற பின், நோயாளியும் துணை நிற்பவரும் சேர்ந்து இந்நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுக.

1. இன்று இழந்தது எது? இழக்காமல் இன்னும் நம்மிடம் இருப்பது எது?
2. ஒரு மாதத்திற்கு முன் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இன்றைய நிலை எப்படி?
3. இது பொறுத்திருக்கத்தக்க சறுக்கலா, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டிய எச்சரிக்கையா? ஐயம் எழுந்தால் தெரிவித்துவிடுக.
4. அடுத்த தண்ணீர்ப் பந்தல் எது? நாளைக்குள் செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றை எழுதுக.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது இக்குறிப்பேட்டையும் உடன் கொண்டு வருக. பின்னடைவு எப்போது வந்தது, எத்தனை நாள் நீடித்தது, எப்போது தணிந்தது என்பதை அதிலிருந்து நாங்கள் அறிந்துகொள்ள முடியும். மருந்தின் அளவையும் பயிற்சியின் வேகத்தையும் உங்களுக்கு ஏற்றவாறு அமைக்க அது பெரிதும் உதவும்.